உடல் குழாயின் தரத்தை நான் பார்க்கும் விதம்

மாதிரி ராக்கெட் கட்டுவோரிடம் உடல் குழாயைப் பற்றிக் கேட்டால், கனமானதை வாங்கினால் போதும் என்று பலர் சொல்வதுண்டு. அந்த அறிவுரை எனக்கு உடன்பாடானதன்று. குழாய் எவ்வளவு வட்டமாகவும் நேராகவும் உள்ளது, அதன் அடுக்குகள் எவ்வளவு இறுக ஒட்டியுள்ளன என்பதே முதற்கேள்வி. என்ன பொருள் என்பது அதற்கு அடுத்தது.

மாதிரி ராக்கெட்டுகளைத் தயாரிக்கும் எஸ்டெஸ் நிறுவனத்தின் பிடி-50 குழாயின் சுவர் ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட காகிதம்தான். ஆயினும், உச்சத்தில் சுமார் 30 நியூட்டன் உந்துவிசை தரும் டி12 மோட்டாரை அது தாங்குகிறது. ஏனெனில், மெல்லிய உருளையானது தன் அச்சின் திசையில் வரும் அழுத்தத்தை நன்கு ஏற்கும். ஆனால் சுவரில் ஒரு சிறு நசுங்கலோ மடிப்போ இருந்துவிட்டால், அந்த இடத்திலிருந்தே குழாய் மடியத் தொடங்கும். ஆகவே, நசுங்கிய குழாயை மலிவாகக் கிடைத்தாலும் வாங்க மாட்டேன்.

கையில் எடுத்ததும் முதலில் வெட்டுமுனையைப் பார்க்கிறேன். நகத்தால் மெல்ல நெருடும்போது அடுக்குகள் பிரிந்தால், பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அடுத்து, வெர்னியர் காலிபரால் இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் விட்டத்தை அளக்கிறேன். பிறகு கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று கவனிக்கிறேன். வளைந்த குழாயில் துடுப்புகளை எவ்வளவு நுணுக்கமாக ஒட்டினாலும் ராக்கெட் நேராகப் பறக்காது. காகிதப் பட்டையைச் சுருளாகச் சுற்றுவதால் குழாயின் வெளிப்புறத்தில் உண்டாகும் சுருள் பள்ளம் ஆழமாக இருப்பது பெரும்பாலும் தோற்றக் குறைதான். மக்கு பூசித் தேய்த்தால் மறைந்துவிடும்.

குழாயின் மேல்விளிம்பே அதிகம் சோதிக்கப்படும் இடம். ராக்கெட் இன்னும் வேகமாகச் சென்றுகொண்டிருக்கும்போதே பாராசூட் வெளியேறினால், அதை இணைக்கும் கயிறு சுவரை மேலிருந்து கீழாகக் கிழித்துவிடும். இதைக் கருதி, காகிதக் குழாயின் உள்விளிம்பில் நீர்த்த சூப்பர் க்ளூவை ஊறவிட்டு இறுக்குகிறேன்.

பெரிய மோட்டார்களுக்குப் போகும்போதுதான் பொருளின் தேர்வு உண்மையில் கடினமாகிறது. கிராஃப்ட் காகிதத்தை ஃபெனாலிக் பிசினில் தோய்த்துச் செய்யும் குழாய் அழுத்தத்தையும் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கினாலும், தரையில் பலமாக மோதினால் நொறுங்கும். அதனால்தான் பலர் அதன்மேல் ஃபைபர்கிளாஸ் துணியைச் சுற்றி எபாக்சி பூசுகிறார்கள். வல்கனைஸ்டு ஃபைபரால் (வேதிமுறையில் கெட்டியாக்கிய காகிதத்தால்) ஆன 'ப்ளூ டியூப்' அவ்வாறு எளிதில் உடையாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி அளவு மாறுவதால், நேற்று வழுக்கிச் சென்ற இணைப்பி (இரு குழாய்களை உள்ளிருந்து இணைக்கும் குட்டைக் குழாய்) இன்று சிக்கிக்கொள்ளக்கூடும்.

ஒலியின் வேகத்தைத் தாண்டும் ராக்கெட்டுகளுக்கு இழை சுற்றிச் செய்த ஃபைபர்கிளாஸ் குழாயையே நான் நம்புகிறேன். அதன் எடை அதிகம் என்பதால், சிறிய மோட்டாரில் பறக்கும் ராக்கெட்டுக்கு அது வீண் சுமை. தேய்க்கும்போது நீரில் நனைத்துத் தேய்ப்பதும், தகுந்த சுவாசக் கவசம் அணிவதும் கட்டாயம். கார்பன் ஃபைபர் இதைவிட விறைப்பானது. ஆனால் ரேடியோ அலைகளைத் தடுப்பதால், ராக்கெட்டின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஜிபிஎஸ் கருவியை அதற்குள் வைக்காமல் ஃபைபர்கிளாஸ் மூக்குக்கூம்புக்குள் பொருத்த வேண்டும்.