நாற்பது நாள் நடை

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனன்று முடிவெடுத்தேன்: ஞாயிறு தவிர்த்து 40 நாட்களும், நாளுக்கு 5,000 காலடி, செபத்தோடு. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து பழைய பாலத்தைக் கடந்து நகருக்குள் போய்த் திரும்புவேன்.

முதல் வாரம் தொலைபேசியில் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டு விரைந்தேன். செபமாலை கையில் இருந்தது, மனம் எண்ணில் இருந்தது. பிறகு பக்கத்து வீட்டு மாமி சேர்ந்துகொண்டார். அவருக்கு முழங்கால் வலி. பாலத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்குவார். எனக்குள் எரிச்சல் எழுந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் அப்படி நின்ற பொழுதுகளில்தான் விடியலில் வாவி நிறம் மாறுவதையும், தோணியில் ஒருவர் வலையை மெல்ல இழுப்பதையும் முதன்முறையாகப் பார்த்தேன். இத்தனை வருடம் இந்தப் பாலத்தால் போய்வந்தவள் நான்!

லூக்கா நற்செய்தியில் எம்மாவு என்ற ஊருக்குப் போன இரு சீடர்களுடன் உயிர்த்த ஆண்டவரும் சேர்ந்து நடந்தார். அவர்களின் துயரக் கதையைக் கேட்டபடியே நடந்தார். மாமியின் கதையை நான் அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

சீயோன் தேவாலயத்துப் பக்கம் போன நாளில் இருவரும் பேசவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டுவெடிப்பில் இறந்த பிள்ளைகளுக்காக மாமி செபத்தை முணுமுணுத்தார். நானும் சேர்ந்துகொண்டேன். அன்று எத்தனை காலடி என்று பார்க்கவில்லை.

பெரிய வெள்ளியன்று, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நினைந்து செபிக்கும் சிலுவைப் பாதைக்கும் சேர்ந்தே போனோம். பதினான்கு நிலைகளிலும் மாமி என் கையைப் பிடித்திருந்தார்.