நங்கூரம் பிடித்தால்தான் சோறு: அந்தமானில் பாய்மரப் படகு வாழ்க்கை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், சுமார் 1400 கிலோமீட்டர் தள்ளி அது அந்தமானின் ஹேவ்லாக் தீவில் போய் முட்டும். 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், ஆனாலும் எல்லாருக்கும் அது இன்னும் ஹேவ்லாக்தான். இரண்டும் ஏறக்குறைய 12 டிகிரி வடக்கு. அதே வெயில், அதே பிசுபிசுப்பு, அதே தென்னை. அப்படியிருந்தும் அங்கே ஒரு பாய்மரப் படகில் குடியிருந்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் ஆளாளுக்குக் கேள்வி. "கப்பல்லயா தங்கின?" "வாந்தி வரலையா?" "தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?" எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

படகு என் மாமாவுடையது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1962இல் புதுச்சேரியை இந்தியாவோடு சேர்த்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் ஒருவர். ஊரில் சொல்தா (பிரெஞ்சுச் சிப்பாய்) வீடு என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். மாமா பிரான்சிலேயே வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு 11 மீட்டர் நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி, அத்தையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து போர்ட் பிளேருக்கு சுமார் 400 கடல் மைல். அதைக் கடந்து வந்து சேர்ந்ததும் போன் பண்ணினார். அத்தைக்கு முழங்கால் வலி, கயிறு இழுக்க ஒரு ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்று. நான் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். விடுப்பு மிச்சம் இருந்தது. சரி என்றேன்.

உண்மையில் அவர் முந்தைய வருடமே இதற்கு அடிபோட்டிருந்தார். "நீச்சல் மட்டும் போதாதும்மா. கடல்ல போய்க் கொஞ்சம் குலுங்கிட்டு வா" என்று சொல்லியிருந்ததால், வீராம்பட்டினத்தில் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கெஞ்சி, அவர் ஃபைபர் போட்டில் அவ்வப்போது விடியற்காலையில் போய்வந்தேன். பாய் கட்டும் வேலை அங்கே இப்போது கிடையாது, எல்லாம் மோட்டார்தான். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது வேறு. தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு பட்டை ஓடி வந்தால் அங்கே காற்று வலுக்கிறது என்று அர்த்தம். அது நம்மைத் தொடுவதற்குள் கையில் பிடிமானம் இருக்க வேண்டும். ஆடும் படகில் நின்றுகொண்டு எதையும் செய்யாதே, உட்கார்ந்து செய். குமட்டல் வந்தால் கீழே குனிந்து வலையைப் பார்க்காதே, கரையைப் பார். அந்தமானில் எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

சாமான் பட்டியல் அத்தை அனுப்பினார். பெரிய மார்க்கெட்டில் வாங்கியவை: புளி, மிளகாய் வற்றல், பூண்டு, நெத்திலிக் கருவாடு, வடவம். படகில் இருக்கும் குளிர்பெட்டி சோலார் மின்சாரத்தில் ஓடுவது. இரண்டு நாள் மேகம் மூடினால் அதை அணைத்துவிடுவார்கள். அதனால் கெடாத பண்டமாகப் பார்த்துதான் வாங்க வேண்டும். வடவம் ஒரு உருண்டையைக் கிள்ளி எண்ணெயில் போட்டால் வெங்காயம், பூண்டு, கடுகு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வெங்காயம் தீர்ந்துபோன நாட்களில் குழம்பைக் காப்பாற்றியது அதுதான். கருவாட்டை மூன்று உறை போட்டுக் கட்டியும் விமானத்தில் எனக்கே வாசனை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தமிழர், ஒன்றும் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான். 2024இல் அந்த ஊருக்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இந்தியர்கள் அந்தமானுக்குப் போக அனுமதி ஏதும் தேவையில்லை, அடையாள அட்டை போதும். ஆனால் வெளிநாட்டுக் கொடி கட்டிய படகில் ஏறுவது தனிக் கதை. சுங்கம், குடியேற்றம், கடலோரக் காவல் படை, துறைமுகம் எல்லாருக்கும் படகில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் போகிறது. அதில் என் பெயரைச் சேர்ப்பதற்குள் ஒரு அலுவலகத்துக்கும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் நடையாய் நடந்தோம். ஒரு நகல் குறையும், அதைக் கொண்டுபோனால் இன்னொன்றில் முத்திரை இருக்காது. மாமா இதற்கெல்லாம் அசரவில்லை. பிரெஞ்சு அலுவலகங்களைப் பார்த்தவருக்கு இது பழகியது போல.

அதோடு முடியவில்லை. எந்தெந்தத் தீவு, எந்தத் தேதியில் எங்கே நிற்போம் என்று பயணத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளம்பிய பிறகு தினமும் எங்கே நிற்கிறோம் என்று துறைமுகக் கட்டுப்பாட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைபேசியிலோ சிக்னல் இல்லாத இடத்தில் ரேடியோவிலோ. சாட்டிலைட் போன் இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. நிகோபார் பக்கம் தலைவைக்க முடியாது. வட சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் நெருங்கக் கூடாது. கெடுபிடி அதிகம் என்று மற்ற படகுக்காரர்கள் முணுமுணுப்பார்களாம். பழங்குடி மக்களை நிம்மதியாக விட்டுவைக்க வேறு வழியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு அரசுக் கப்பலில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். எங்களுக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஆனது. தீவு இருப்பது வடகிழக்கில். தை, மாசியில் காற்று வருவதும் வடகிழக்கிலிருந்து, நம்ம ஊர் வாடையேதான். பாய்மரப் படகு காற்றின் முகத்துக்கு நேராகப் போகாது. ஏறக்குறைய 45 டிகிரி விலகி ஒரு பக்கமாகப் போய், திரும்பி, மறுபக்கமாகப் போய், இப்படி வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் படபடவென்று அடித்து மறுபுறம் விழும். அந்த நொடியில் ஒரு கயிற்றை விட்டு மறு கயிற்றை இழுக்க வேண்டும், அதுதான் என் வேலை. மாமா அவசரத்தில் பிரெஞ்சில் கத்துவார், அத்தை உள்ளேயிருந்து தமிழில் சொல்வார். மணிக்கு ஐந்து கடல் மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டர். அதிலும் ஒரு பகுதி வேகம் குறுக்கே போவதில் கழிந்துவிடுகிறது. படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே இருப்பதால் உள்ளே பாத்திரம், புத்தகம், மனிதர் எல்லாம் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுப்பு மட்டும் ஊஞ்சல் போலத் தொங்குவதால் நேராக நிற்கும்.

ஆனால் பாய் விரித்து ஓடிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கொஞ்சம்தான். படகு வாழ்க்கையில் பெரும்பகுதி நின்ற இடத்தில் நிற்பது. அதற்கு நங்கூரம். நான் போவதற்கு முன் பாயைப் பற்றி நிறைய வீடியோ பார்த்தேன், நங்கூரத்தைப் பற்றி ஒன்றுகூடப் பார்க்கவில்லை. மாமாவின் சட்டம் ஒன்றுதான்: நங்கூரம் பிடித்தது என்று அவர் சொல்லும் வரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது.

வேலை இப்படி நடக்கும். முதலில் தண்ணீரின் நிறம் பார்க்க வேண்டும். வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்புத் திட்டு என்றால் பவளப்பாறை. சூரியன் தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்போதுதான் இது தெரியும். எதிர்வெயிலில் எல்லாம் வெள்ளித் தகடு. பாறையில் நங்கூரம் போட்டால் பவளம் உடையும், சங்கிலியும் சிக்கிக்கொள்ளும். மணலாகப் பார்த்து, படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, சங்கிலியை இறக்க வேண்டும். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு நீளம் விடுவது மாமாவின் கணக்கு. எட்டு மீட்டர் ஆழத்துக்கு நாற்பது மீட்டர். சங்கிலி தரையில் நீளமாகப் படுத்திருந்தால்தான் நங்கூரத்தைக் கிடையாக இழுக்கும், கிடையாக இழுத்தால்தான் அது மணலுக்குள் புதையும். குறைவாக விட்டால் மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். கடைசியில் என்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்ப்பது.

அதற்கும் பிறகு என்னைத் தண்ணீரில் இறக்குவார்கள். முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு சங்கிலியின் மேலேயே நீந்திப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீல் தீவுக்கு வெளியே பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மணலில் உழுதது போல ஒரு நீளச் சால், அதன் முடிவில் நங்கூரத்தின் தண்டு மட்டும் அரை முழம் வெளியே தெரிகிறது, கொழு முழுக்க உள்ளே. கிளம்பிய மண் இன்னும் அடங்கவில்லை. அதற்குள் கோடு போட்ட சின்ன மீன்கள் நாலைந்து வந்து அந்தச் சாலில் எதையோ பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. மேலே வந்து கட்டைவிரலைக் காட்டினேன். அத்தை அரிசி களைய ஆரம்பித்தார்.

அரிசி களைவதும் கடல் தண்ணீரில்தான், கடைசி ஒரு அலசு மட்டும் நல்ல தண்ணீர். தொட்டியில் 300 லிட்டர், மூன்று பேர், அடுத்து எங்கே நிரப்புவோம் என்பது நிச்சயமில்லை. ஆகவே குளியல் கடலில், பிறகு ஒரு சொம்பு நல்ல தண்ணீர். சாதாரண சோப்பு உப்புத் தண்ணீரில் நுரைக்காது. பாத்திரம் கழுவும் திரவம் நுரைக்கும், தலைக்கும் அதேதான். முதலில் சங்கடமாக இருந்தது, முடி ஒன்றும் கொட்டிவிடவில்லை. துணியைக் கடலில் அலசினால் மட்டும் காயவே காயாது, உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் துணி துவைப்பது கரையில் குழாய் கிடைக்கும் நாளில்.

பொழுது விடிவதும் வேறு கணக்கு. கடிகாரம் இந்திய நேரம்தான், ஆனால் சூரியன் புதுச்சேரியைவிட ஐம்பது நிமிடத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது. மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. ஏழரைக்குச் சாப்பிட்டு எட்டுக்குப் படுத்தால் விடியற்காலை நாலரைக்குத் தானாக விழிப்பு வரும்.

நீல் தீவில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. அந்தமானின் காய்கறித் தோட்டம் என்று பேர் வாங்கிய தீவு அது. சின்ன ரப்பர் படகில் கரைக்குப் போய்க் கத்தரிக்காய், புடலை, கீரை என்று பை நிறைய வாங்கினோம். கடைக்காரப் பெண்மணியிடம் இந்தியில் தடுமாறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒருவர் "எந்த ஊரும்மா?" என்று கேட்டு, பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் கடலைக் காணோம். புதுச்சேரியில் ஓதத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இரண்டு மீட்டர் வரை போகிறது. நாங்கள் மிதந்து வந்த இடம் முழுக்கப் பவளப்பாறைத் திட்டாக வெளியே வந்து, ரப்பர் படகு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. பவளத்தின் மேல் இழுத்தால் ரப்பர் கிழியும், நடந்தால் பவளம் நொறுங்கும். "நேரம் இருக்கும்னு நெனச்சேன்" என்றார் மாமா. தண்ணீர் ஏறும் வரை மர நிழலில் காத்திருந்தோம். மணல் ஈக்கள் பிடுங்கித் தின்றன. அந்தக் கடிக்கு வாரக்கணக்கில் அரிப்பு, தேங்காயெண்ணெய் தடவியும் பலனில்லை.

முதலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புத்தண்ணீர் முதலைகள் அங்கே உண்டு. அலையாத்திக் காட்டு ஓடைகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்ட நாட்களில் என்னை நீரில் இறக்கவில்லை.

பயந்தது ஒரே ஒரு இரவுதான். ஹேவ்லாக்கின் மேற்குக் கரையில், ராதாநகர் கடற்கரைக்கு எதிரே நின்றிருந்தோம். வாடைக்கு அது மறைவான பக்கம். நள்ளிரவில் காற்று சட்டென்று மேற்கே திரும்பியது. மறைவாக இருந்த கரை இப்போது எங்களுக்குப் பின்னால், அலை நேராக எங்கள் மேல். மாமாவின் போனில் நங்கூர அலாரம் அடித்தது. படகு இருக்க வேண்டிய வட்டத்தை விட்டு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். நங்கூரம் இழுபடுகிறதா, இல்லை காற்று திரும்பியதால் படகு சுற்றி வந்திருக்கிறதா? கரையில் இரண்டு விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி பார்த்து, அவை விலகுகின்றனவா என்று கவனிக்கச் சொன்னார். நான் டார்ச்சும் கையுமாக முன்னால் போய்ச் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பாறையில் இழுபட்டால் கடகடவென்று அதிர்வு வரும். இறுக்கமாக இருந்தது, அதிரவில்லை. விளக்குகளும் நகரவில்லை. ஆனாலும் விடியும் வரை ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்திருந்தோம். படகு இரு பக்கமும் புரண்ட புரளலில் எப்படியும் தூக்கம் வந்திருக்காது. வெளிச்சம் வந்ததும் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

வடக்கே போகும் ஆசை மாமாவுக்கு இருந்தது. 2004 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குப் பக்கம் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிட்டது. பழைய வரைபடத்தில் தண்ணீர் என்று போட்டிருக்கும் இடத்தில் இன்று பாறைத் திட்டு நிற்கலாம். அத்தை வேண்டாம் என்றார், அத்துடன் பேச்சு முடிந்தது. நாட்டின் ஒரே செயல்படும் எரிமலையான பேரன் (Barren) தீவும் அப்படித்தான் விட்டுப்போனது. அங்கே கரையிறங்க அனுமதியும் இல்லை.

இறங்கும்போது திரும்ப அதே பட்டியல், அதே ஜெராக்ஸ் கடை. ஆனால் இந்த முறை கடைக்காரருக்கே எத்தனை நகல் என்று தெரிந்திருந்தது. பவளத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

செலவு என்று பார்த்தால் விமான டிக்கெட், சாப்பாட்டில் என் பங்கு, டீசலில் கொஞ்சம். படகுள்ள மாமா இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கிறது. சின்னப் படகில் பாய் பிடிக்க அங்கே கற்றுக்கொள்ளலாம். அது தெரிந்தவர்களைத்தான் நெடும்பயணப் படகுக்காரர்கள் கைக்கு ஆளாக ஏற்றிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் வீராம்பட்டினத்திலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ தெரிந்தவர் யாராவது இருந்தால், லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஒரு விடியற்காலை போய்ப் பாருங்கள். குடல் என்ன சொல்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.