அடிக்காமலும் கண்டிக்கலாம்

"பிள்ளையை அடிச்சு வளர்க்காட்டி தலையில ஏறி உட்கார்ந்துக்கும்" என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அடிக்காமல் இருப்பது வேறு, கண்டிக்காமல் விடுவது வேறு.

போன வாரம் தெப்பக்குளத்தில் ஒரு அப்பத்தாவைப் பார்த்தேன். பேரனுக்கு மூன்று வயது இருக்கும். இன்னொரு பஞ்சுமிட்டாய் கேட்டுத் தரையில் புரண்டு அழுகிறான். "வாங்கிக் குடுத்துருங்கத்தா" என்கிறார் ஒருவர். "முதுகுல ரெண்டு வைங்க" என்கிறார் இன்னொருவர். அப்பத்தா இரண்டையும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கோவமா இருக்காய்யா? இருக்கட்டும். ஆனா இன்னைக்கு ஒண்ணுதான்" என்றார். அடிக்க ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்கக் கூடாது, அப்பத்தாவுக்கு வலிக்கும்ல" என்றார், குரலை உயர்த்தாமல். கொஞ்ச நேரத்தில் பையன் மடியில் வந்து விழுந்தான்.

கோபத்தைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை தானாக எப்படி அடங்கும்? பக்கத்தில் நிதானமான ஆள் ஒருவர் வேண்டும். அழுகிற நேரத்தில் சொல்லும் புத்திமதி காதில் ஏறாது. அழுது ஓயட்டும், அப்புறம் பேசலாம்.

பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று நாமே வாத்தியாரிடம் போய்ச் சொல்வதை நிறுத்துவோம்.

இன்னொன்று, வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சாக இருக்கட்டும். அம்மா வேண்டாம் என்றதை அப்பா ரகசியமாக வாங்கிக் கொடுத்தால், யாரிடம் போய் அழ வேண்டும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.