மொய் நோட்டும் பத்து மில்லிகிராமும்

அத்தை மகன் கல்யாணத்தில் மொய் எழுத என்னை உட்கார வைத்தார்கள். பேனா தாளைத் தொட்டதும் கை வெடவெடவென்று ஆடியது. மூன்றாவது பெயரோடு வயிற்றுவலி என்று எழுந்தவன், பந்திக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறிவிட்டேன். அப்போது எனக்கு 31 வயது.

வீட்டில் கூச்ச சுபாவம் என்றார்கள். சித்தப்பா நரம்புத் தளர்ச்சி என்று லேகியம் வாங்கி வந்தார். தனியாக எழுதினால் கை ஆடாது, யாராவது பார்த்தால்தான் ஆடும் என்பதை முதன்முதலில் மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம்தான் சொன்னேன். வங்கிச் சலானை வீட்டிலேயே நிரப்பி எடுத்துப் போவதையும் சொன்னேன். தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதில் கோளாறு இல்லை. ‘சமூகப் பதற்றக் கோளாறு’ என்றார்.

எஸ்சிட்டலோபிராம், ஒரு வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை எனக்கு எதற்கு என்று கேட்டேன். மூளையில் இருக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வழியாக வேலை செய்யும் இந்த மருந்து பதற்றத்துக்கும் கேட்கும் என்றார். “முதலில் பதற்றம் கூடினாலும் கூடும். விபரீத எண்ணம் ஏதாவது வந்தால் உடனே கூப்பிடுங்கள்” என்றும் சொல்லி அனுப்பினார்.

கூடத்தான் செய்தது. குமட்டல், ஓயாத கொட்டாவி, விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு. இரண்டாவது வாரம் மாத்திரையைக் குப்பையில் போட இருந்தேன். தாம்பத்தியத்திலும் சிக்கல் வந்தது. அதை மருத்துவரிடம் சொல்லும் தைரியத்தை மாத்திரை தரவில்லை, மனைவிதான் சொன்னாள்.

ஆறாவது வாரம், டீக்கடை. வழக்கமாக ஆறவைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டே மடக்கில் முடிப்பேன். அன்று காலி கண்ணாடி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன்: சூடாகவே, ஒற்றைக் கையில், பேசிக்கொண்டே குடித்திருக்கிறேன். பயம் போய்விடவில்லை. ஓடிவிடலாமா என்று யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் பழகச் சொன்னார் மருத்துவர். சலானைக் கவுண்டரிலேயே நின்று எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் இரண்டு சலானைக் கிழித்துப் போட்டேன்.

எட்டாம் மாதம், குணமாகிவிட்டது என்று நானே நிறுத்தினேன். சுத்த முட்டாள்தனம். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் சுண்டியது. தலைச்சுற்றல், யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அடிமையாகிவிட்டேனோ என்று பயந்து ஓடினேன். “போதைப் பழக்கம் மாதிரி இல்லை. ஆனால் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்” என்று மருத்துவர் மறுபடி ஆரம்பித்து வைத்தார். மேலும் ஓராண்டு கழித்துத்தான் 5-க்கு இறக்கினார். இப்போது அதில்தான் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு காதணி விழாவில் நானே மொய் நோட்டைக் கேட்டு வாங்கினேன். நாற்பது பெயர்வரை ஒழுங்காகப் போனது. அப்புறம் சித்தப்பா வந்து எதிரே நின்றார். 1001 வைத்தார். கடைசி ஒன்று மட்டும் கோணலாக விழுந்தது.