சயனைடு இல்லை என்றால் போதுமா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். கோலார் தங்கவயல்காரர்கள் போர் தண்ணீர் கொண்டுவந்தால் கேட்பது ஒன்றுதான்: "சார், சயனைடு இருக்கா பாருங்க."

கேட்கத்தான் செய்வார்கள். பாறையை மாவாக அரைத்து, தங்கத்தைச் சயனைடில் கரைத்தெடுத்து, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி 3 கோடி டன்னுக்கு மேல் குவித்திருக்கிறார்கள். அதற்கு ஊரார் வைத்த பெயரே சயனைடு மலை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் ஓய்ந்தபின் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டிய குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. மேடு மட்டும் வெயிலில் கிடக்கிறது.

வெயிலும் காற்றும் படப்படச் சயனைடு சிதைந்துபோகும். ஆர்சனிக் என்ற விஷம் போகாது, அது தனிமம், சிதைந்து வேறாக வழியில்லை. தங்கப் பாறைகள் பலவற்றில் ஆர்சனிக் கலந்த கனிமமும் சேர்ந்தே கிடக்கும். குடிநீரில் சயனைடுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஆர்சனிக்குக்கு 0.01. தங்கவயல் பக்கத்து மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் தினமும் வந்துபோகும் எங்கள் டெக்னீஷியன் தம்பி ஒருநாள் சொன்னான்: "அண்ணா, எங்க ஊர்ல ஆர்சனிக்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சயனைடு இல்லைன்னு பேப்பர் வந்தா நிம்மதியா குடிப்பாங்க." அந்த நிம்மதிதான் எனக்குப் பயம்.

அந்தப் பேப்பரையே நம்ப முடியுமா என்பது இன்னொன்று. சயனைடு மாதிரியில், எடுத்த இடத்திலேயே சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் விட்டு பிஎச் (அமில-கார அளவு) 12-க்கு மேல் ஏற்றி, வெளிச்சம் படாமல் ஐஸில் வைக்க வேண்டும். ஆர்சனிக் பாட்டிலுக்கு நேர்மாறு: நைட்ரிக் அமிலம் விட்டு 2-க்குக் கீழே இறக்க வேண்டும். அமிலம் மாறி விழுந்தால் சயனைடு விஷவாயுவாகப் பறந்துவிடும். எடுத்தவர் உயிருக்கும் ஆபத்து. பழைய வாட்டர் பாட்டிலில் பிடித்து, பையில் போட்டு, ரயிலில் வந்த தண்ணீரில் 'இல்லை' என்று வந்தால் அதற்குப் பொருளில்லை.

கலந்த தண்ணீரைச் சுத்திகரிப்பதைவிட, மழை மேட்டுக்குள் இறங்காமல் தடுப்பதே முதல் வேலை என்பது என் எண்ணம். மேட்டுக்கு மேலே வரும் நல்ல தண்ணீரைக் கால்வாய் வெட்டித் திருப்ப வேண்டும். சரிவை நல்ல மண்ணால் மூடிப் புல் பிடிக்கவிட வேண்டும். அடியில் கசிவதைக் குட்டையில் பிடிக்க வேண்டும். மண் மூடிப் புல் பிடித்தால் ஆடிக் காற்றில் தூசி கிளம்புவதும் குறையும்.

படிவத்தில் சயனைடு மட்டும் எழுதியிருந்தால் நானே போன் செய்து ஆர்சனிக்கையும் சேர்க்கச் சொல்கிறேன். செலவு கூடுமே என்று தயங்குகிறார்கள், தயக்கம் நியாயம்தான். ஆனாலும், முதல் மழை பெய்த வாரத்தில் ஒருமுறை, பங்குனி வெயிலில் ஒருமுறை எடுக்கச் சொல்வதை விடுவதில்லை. ஒரே பருவத்துத் தண்ணீரை வைத்து ஒரு கிணற்றை நல்லதென்று எழுத எனக்குக் கை வராது.