மாரிகாலச் சமையலறை

மட்டக்களப்பில் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும் நாட்களில், சமையலறையில் எதைத் தொட்டாலும் ஈரந்தான். பிட்டுக்கு இடித்த பச்சையரிசி மாவை, மணம் எழும்பி மணல்போல உதிரும்வரை மிதமான தீயில் வறுத்து, முற்றாக ஆறிய பின்னரே காற்றுப் புகாத போத்தலில் அடைக்கவேண்டும். சூடு சற்று மிஞ்சியிருந்தாலும் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த நீர் மாவில் சொட்டிப் பூஞ்சணம் பிடித்துவிடும். மாவை அள்ளும் கரண்டியும் உலர்ந்திருக்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. உப்புப் போத்தலில் சிறிது வறுத்த அரிசியைப் போட்டுவைத்தால் உப்புக் கசிவது குறையும். எருமைத் தயிரை அது வந்த மண்சட்டியிலேயே வைத்திருப்பது நல்லது. சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சுவதால் தயிர் மேலும் கட்டியாக இருக்கிறது, ஆகவே அதனைப் பிளாஸ்டிக் பாத்திரத்துக்கு மாற்றுவதை நான் ஏற்பதில்லை. கருவாட்டை மட்டும், வெயில் எறிக்கும் நாளெல்லாம் மீண்டும் முற்றத்தில் காயவைத்தே ஆகவேண்டும்.