ஷேர் மட்டும்தான் பண்ணினேன்

வீட்டுக் கணினிகளைச் சரிசெய்யும் வேலையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "நான் ஒண்ணும் பண்ணலைங்க, ஃபோல்டரை ஷேர் மட்டும்தான் பண்ணினேன்." சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் கணக்கில் அவர் செய்தது அவ்வளவுதான். மேசைக் கணினியில் இருக்கும் படங்கள் லேப்டாப்பில் தெரிய வேண்டும், தெரியவில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து, யாருக்கு என்ன அனுமதி (பெர்மிஷன்) என்று எழுதியிருக்கும் செக்யூரிட்டி பக்கத்தில் எவ்ரிஒன் என்ற பெயரைச் சேர்த்து ஃபுல் கண்ட்ரோல் கொடுத்திருப்பார். அப்போதும் தெரியவில்லை. அடுத்து சி டிரைவ் முழுவதற்கும் அதையே செய்து, ஓனர் பெயரைத் தன் பெயராக மாற்றி, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இதையே போடு என்கிற கட்டத்திலும் டிக் அடித்திருப்பார். வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்ததால், பாதியில் கேன்சல்.

அந்தக் கேன்சல்தான் எனக்குத் தலைவலி. முழுக்க மாறியிருந்தால் என்ன மாறியது என்றாவது தெரியும். பாதியில் நின்றால் எந்த ஃபோல்டர் பழைய நிலையில், எது புதிய நிலையில் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் ஸ்டார்ட் மெனுவை அமுக்கினால் அசைவே இருக்காது. கால்குலேட்டர் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். விண்டோஸ் 8-இலிருந்து வந்த ஸ்டோர் வகைச் செயலிகள், கால்குலேட்டர் போன்றவை, தனிக் கூண்டுக்குள் ஓடுபவை. அவற்றுக்கென்று பெர்மிஷன் பட்டியலில் ‘ஆல் அப்ளிகேஷன் பேக்கேஜஸ்’ என்று ஒரு வரி உண்டு. எவ்ரிஒன் என்று போட்டால் அதில் எல்லோரும் அடக்கம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கூண்டுக்குள் இருப்பவற்றுக்கு அந்த வரி தனியாக இருந்தே ஆக வேண்டும். பட்டியலைத் துடைத்து எழுதும்போது முதலில் தொலைவது அதுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், பல வீடுகளில் பெர்மிஷனுக்கும் முதல் கோளாறுக்கும் சம்பந்தமே இருக்காது. நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் விண்டோஸ் மற்ற கணினிகளுக்கு முகமே காட்டாது. அல்லது தினமும் பின் எண் போட்டு உள்ளே நுழைபவர், லேப்டாப்பில் பாஸ்வேர்டு கேட்கும்போதும் அதே எண்ணைத் தட்டுவார். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாகக் கேட்கப்படுவது கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு. 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்த, வீட்டுக் கணினிகளுக்குள் பகிரும் வசதியான ஹோம்குரூப்பைப் பழகியவர்கள், 2018-இல் அது விண்டோஸ் 10-இலிருந்து எடுக்கப்பட்டது தெரியாமல் இன்றும் தேடுகிறார்கள். பழைய மீடியா பெட்டிகள் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையில்தான் பேசும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதன் பிறகு விண்டோஸ் அந்த முறையைப் படிப்படியாகக் கழற்றிவிட்டது. இதில் எதற்கும் சி டிரைவின் செக்யூரிட்டி பக்கத்தில் மருந்து கிடையாது.

பெர்மிஷனே காரணமாக இருந்தாலும், பார்க்க வேண்டிய பட்டியல் இரண்டு. ஷேரிங் பக்கத்தில் ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டிலும் அனுமதி இருக்க வேண்டும். எது கறாரோ அதுவே செல்லும். ஷேரிங்கில் ‘ரீட்’ மட்டும் இருக்கும்போது செக்யூரிட்டியில் எத்தனை முறை ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தாலும் லேப்டாப்பிலிருந்து ஒரு கோப்பையும் மாற்ற முடியாது. முடியவில்லையே என்று இன்னும் பெரிய ஃபோல்டருக்குக் கொடுக்கிறார்கள். சி டிரைவ் வரை போவது இப்படித்தான்.

இன்னொரு வகை உண்டு, அது கொஞ்சம் சுவாரசியம். சி டிரைவில் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற ஒன்று மங்கலாகத் தெரியும். கிளிக் செய்தால் ஆக்சஸ் டினைட். "என் கணினியிலேயே எனக்கு அனுமதி இல்லையா?" என்று கோபம் வரும். அது ஃபோல்டரே இல்லை. பழைய மென்பொருள்களுக்காக விஸ்டா காலத்திலிருந்து வைத்திருக்கும் வழிகாட்டிப் பலகை, யூசர்ஸ் ஃபோல்டரைக் காட்டுவது. அதன் உள்ளே பட்டியலிடக் கூடாது என்ற தடையை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பலகைகளில் ஒன்று, செயலிகள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘அப்ளிகேஷன் டேட்டா’, தான் இருக்கும் லோக்கல் ஃபோல்டரையே காட்டும். தடையை நீக்கிவிட்டால் அதற்குள் நுழைய நுழைய அதே ஃபோல்டர் மறுபடி வரும். பேக்கப் நிரல் ஒன்று இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். திரையில் ‘அப்ளிகேஷன் டேட்டா, அப்ளிகேஷன் டேட்டா’ என்று பாதை வரி நீண்டுகொண்டே போனது. வெளி ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது, படங்களில் ஒன்றுகூட ஏறவில்லை. வைரஸ் என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள்.

நான் போனவுடன் எதையும் திருத்துவதில்லை. லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் உள்ள பென்டிரைவில் பூட் செய்து, படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடுவேன். விண்டோஸின் பெர்மிஷன் பட்டியலை மதிப்பது விண்டோஸ்தான். பென்டிரைவிலிருந்து எழும் லினக்ஸ் வழக்கமாக அதைக் கண்டுகொள்வதில்லை. உள்ளே போக முடியாமல் தவித்த வீட்டுக்காரர் இதைப் பார்த்துத் திகைத்துப்போவார்: அப்படியானால் இந்தப் பூட்டுக்கு என்னதான் அர்த்தம்? நியாயமான கேள்வி. டிஸ்க்கையே கையில் எடுத்தவரைத் தடுப்பது குறியாக்கம் மட்டுமே. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்ட டிஸ்க்காக இருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் நானும் வெளியேதான் நிற்க வேண்டும். பல லேப்டாப்களில் அது தானாகவே இயங்கியிருப்பதும் எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடப்பதும் பலருக்குத் தெரியாது.

நகல் எடுத்த பிறகே எங்கே கை வைப்பது என்ற யோசனை. டி டிரைவோ, படங்கள் இருக்கும் தனி ஃபோல்டரோ மட்டும் கெட்டிருந்தால் கவலையில்லை. டேக்ஓன் கட்டளையால் உரிமையை எடுத்து, ஐகேக்கல்ஸ் கட்டளையில் ரீசெட் கொடுத்தால் மேல் ஃபோல்டரின் அனுமதிகள் கீழே இறங்கி எல்லாம் ஒழுங்குக்கு வரும். பழைய கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கில் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள எண் தெரிவதும் இதில் தீர்ந்துவிடும். அது அந்தக் கணினியில் இருந்த பயனரின் அடையாள எண், அவ்வளவுதான்.

இதே ரீசெட்டை சி டிரைவுக்குக் கொடுக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், எங்கள் தொழிலிலேயே. விண்டோஸ் ஃபோல்டரில் இருப்பவை மேலிருந்து வாங்கிய அனுமதிகள் அல்ல. டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற கணக்கின் பெயரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதப்பட்டவை. ரீசெட் அந்தத் தனி வரிகளையும் சேர்த்து அழிக்கும். ஆகவே சி டிரைவ் கெட்டிருந்தால், விண்டோஸுக்குள் நுழைய முடிகிற வரை, அதன் உள்ளிருந்தே செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டு மேலே மறுபடி நிறுவுவேன். நுழையவே முடியாவிட்டால் புதிதாக நிறுவுவதுதான். லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். உச்சி ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போட்டுவிட்டு, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளையே வேலை செய்யாமல் நின்ற கணினிகளும் வந்திருக்கின்றன.

வேலை முடிந்த பின் படங்களுக்கென்று ஒரே ஒரு ஃபோல்டர், பகிர்வதற்கென்று பாஸ்வேர்டுள்ள ஒரு உள்ளூர்க் கணக்கு, அதற்கு ‘ரீட்’ மட்டும் என்று வைத்துவிட்டு வருவேன். சிலருக்கு அதன் பிறகும் பெர்மிஷனைத் தோண்டிப் பார்க்கும் ஆசை விடாது. அவர்களுக்கு ஐகேக்கல்ஸில் ‘சேவ்’ போட்டு, இருக்கும் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைக்கக் காட்டிக்கொடுப்பேன். ஓனர் பெயர் அதில் பதிவாகாது. திரும்பப் போடும்போது சேவ் செய்த ஃபோல்டரைக் கொடுக்கக் கூடாது, அதற்கு ஒரு படி மேலே உள்ளதைக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கோப்பைக் காணோம் என்று சொல்லும்.